சாம்பிளுக்குக் காசு வாங்குவதில்லை

திருப்பூர் என்று சொன்னவுடன் வெளியூர்க்காரர்கள் முகம் மலர்ந்துவிடும். அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "அப்ப பனியன் சல்லிசா கிடைக்குமே?" கல்யாண வீட்டில் கேட்பார்கள். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்பார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் கேட்டார், என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு. தஞ்சாவூர்க்காரரைப் பார்த்து யாரும் ஒரு மூட்டை நெல் கேட்பதில்லை. எங்களிடம் மட்டும் கேட்கலாம் என்று எங்கோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள் போல. இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் முனைவர் பட்டத்துக்கு இடம் கேட்டுப் போன தமிழ்த் துறையில், அலமாரி முழுக்க இலக்கியத்தை அடுக்கி வைத்துக்கொண்டு ஒருவர் அதையே கேட்டபோது நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்ன சைஸ் வேண்டும் என்று கேட்டேன்.

நான் வேலை பார்ப்பது வீரபாண்டிப் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனியில். சாம்பிள் செக்‌ஷன் என் பொறுப்பு. எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களிடம், எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு வேறு எங்கே வேலை இருக்கிறது, சொல்லுங்கள், போகிறேன் என்பேன். இதுவரை யாரும் சொன்னதில்லை. வெளிநாட்டிலிருந்து பையர், அதாவது சரக்கு வாங்குகிறவன், ஒரு படம் அனுப்புவான். அதைப் பார்த்து நாங்கள் ஒரே ஒரு உருப்படி தைத்து அனுப்புவோம். கழுத்து இறக்கமாக இருக்கிறது என்பான். ஏற்றி இன்னொன்று தைப்போம். நிறம் மட்டு என்பான். மறுபடி சாயம் போட்டு இன்னொன்று. அப்புறம் முதலில் அனுப்பியதே நன்றாக இருந்தது என்பான். இது எதற்கும் காசு கிடையாது. சாம்பிளுக்குக் காசு கேட்பவனுக்கு ஆர்டர் வராது என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். பையர் திரும்பத் திரும்பத் திருத்தச் சொன்னால் நம்மைப் பாடாய்ப் படுத்துகிறான் என்று யாரும் நினைப்பதில்லை. ஆர்டர் நெருங்கிவிட்டது என்று சந்தோஷப்படுவோம்.

ஒரே ஒரு பாதுகாப்பு உண்டு. காசு வாங்காத சாம்பிளைச் சில நாடுகளுக்கு அப்படியே அனுப்ப முடியாது. வழியில் எவனாவது எடுத்துக் கடையில் விற்றுவிடலாம். அதனால் முதுகுப் பக்கம் கத்தரியால் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத்தான் பார்சல் போடுவோம். பார்க்கலாம், அளக்கலாம், தடவிப் பார்க்கலாம்; போட முடியாது, விற்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நல்ல துணியைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. எங்கள் சாம்பிள் டெய்லர் அக்கா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், என் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கி ஒரே இழுப்பில் கிழித்துக் காட்டினார்.

"ஏளா, காசு குடுக்காதவனுக்கு என்னத்துக்கு முழுத்துணி?" என்றார்.

அந்தக் கம்பெனிக்கும் சாமளாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கும் நடுவே பஸ்ஸில் போய் வந்துதான் என் ஆராய்ச்சித் தலைப்பு பிறந்தது. எங்கள் ஊர் மின்கம்பங்களில், டீக்கடைச் சுவர்களில், பஸ் நிறுத்தத் தூண்களில் எல்லாம் ஒரே வகைச் சீட்டு ஒட்டியிருக்கும். 'ஆட்கள் தேவை.' டெய்லர் தேவை, செக்கிங் தேவை, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி தேவை. கணவன் மனைவியாக வருவோருக்கு முன்னுரிமை. தங்கும் இடம் இலவசம். வாரச் சம்பளம் சனிக்கிழமை தவறாது. அந்தத் 'தவறாது' எனக்கு ரொம்பப் பிடித்த சொல். எங்கோ தவறியிருக்கிறது, அதனால்தான் இங்கே தவறாது. வாங்க போங்க என்று நாய்க்குட்டிக்குக்கூட மரியாதை கொடுக்கும் ஊர், ஆளை வேலைக்குக் கூப்பிடும்போது மட்டும் 'தேவை' என்று மொட்டையாக நிறுத்திக்கொள்கிறது. பின்னால் அதே சீட்டில் இந்தி வரி சேர்ந்தது. ஒரு ஊர் தனக்கு வேண்டியவர்களிடம் எப்படிப் பேசுகிறது என்று அந்தச் சீட்டுகளை வைத்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது. போகும் வழியெல்லாம் போட்டோ எடுத்து வைத்தேன். கம்பத்தைப் படம் பிடிக்கும் பெண்ணை மின்வாரியத்து ஆள் என்று நினைத்து, தெருவிளக்கு எரியவில்லை என்று என்னிடம் புகார் சொன்னவர்கள் உண்டு.

அப்பா கொஞ்சம் விசைத்தறி வைத்திருக்கிறார். நூல் கொடுப்பவருக்குக் கூலிக்கு ஓட்டிக் கொடுப்பது. தறி வாங்கிய கடனுக்கு என் சம்பளம்தான் போகிறது. அதனால் நான் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அவருக்குக் கோபம் வந்தது. எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"ஏனுங்க அம்முணி, கம்பத்துல ஒட்டற நோட்டீஸைப் படிக்கறதுக்கு கவருமெண்டு சம்பளம் குடுக்குதுங்களா?"

"குடுக்குமுங்கப்பா. முழுநேரமாச் சேர்ந்தா மாசாமாசம் உதவித்தொகை உண்டுங்க."

"அப்ப வாங்கிக் காட்டுங்க. பணம் கம்பெனில இருந்து வந்தாலும் பணந்தானுங்க, காலேஜுல இருந்து வந்தாலும் பணந்தானுங்க. அது வந்துருச்சுன்னா நான் ஒண்ணும் பேசறதில்லீங்க."

என் முழு வாழ்க்கையும் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது: முழுநேரம். படிப்புக்குப் பணம் என்பது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேசிய அளவில் ஒரு தேர்வு உண்டு. அதில் மேலே வருபவர்களுக்குப் பெரிய உதவித்தொகை. நான் தேறினேன், ஆனால் தொகை கிடைக்கும் அளவுக்குத் தேறவில்லை. மீதி இருப்பது பல்கலைக்கழகமே கொடுக்கும் சின்ன தொகை. அது முழுநேர மாணவருக்கு மட்டும்தான். பகுதிநேரம் என்றால் ஒன்றும் கிடையாது, நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். எதுவாக இருந்தாலும் நெறியாளர் ஒருவர் என் மாணவி என்று ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே போக முடியும். அவர்களுக்கும் இத்தனை பேர்தான் என்று கணக்கு. நான் போய் நின்ற பேராசிரியரிடம் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது.

அவருக்கு நல்ல குரல். மேடையில் பேசிப் பேசிப் பழுத்த குரல். அறைக்கு வெளியே காத்திருக்க வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். என் பெயரைக் கேட்டார், ஆனால் அதை ஒருமுறையும் பயன்படுத்தியதில்லை. கடைசி வரை நான் அவருக்குத் திருப்பூர்தான்.

"வாங்கம்மா திருப்பூர். தலைப்பு புதுசா இருக்கு. ஆனா இது இலக்கியமா?"

இலக்கியம்தான் என்று விளக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிறாரோ என்று நிறுத்தினால், "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார். ஒரு முன்வரைவு எழுதி வரச் சொன்னார். எழுதிப் போனேன். கோட்பாடு போதாது என்றார். கோட்பாடு சேர்த்துப் போனேன். கோட்பாடு அதிகம், மண்வாசனை போய்விட்டது என்றார். மண்வாசனையோடு போனேன். கழுத்தை ஏற்றி, கழுத்தை இறக்கி, நிறத்தைக் கூட்டி, குறைத்து, எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைதான். ஒவ்வொரு முறையும் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, அவர் அறை வாசலில் நின்று. பல நாள் அவர் ஊரிலேயே இருக்க மாட்டார்.

ஒருமுறை திருத்தத்தோடு கூடவே ஒரு கட்டுக் காகிதத்தையும் கொடுத்தார். அவர் எழுதும் நூல். பழைய இலக்கியத்தில் கொடை என்பதைப் பற்றியது. வள்ளல்கள் எப்படிக் கேட்காமலே கொடுத்தார்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருந்தார். அவர் கையெழுத்து, பிரிந்துபோன தையல் நூலை அள்ளிப் போட்டது மாதிரி இருக்கும். "டைப் பண்ணி, பிழை பார்த்துக் கொடுத்துடுங்க. நீங்கதான் கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கறவங்களாச்சே," என்றார். கொடுத்தேன். முன்னுரையில் நன்றி சொல்லும் பக்கத்தையும் நான்தான் டைப் செய்தேன். துணைவேந்தரிலிருந்து மனைவி வரை எல்லோரும் இருந்தார்கள். நான் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் அந்தப் பக்கத்திலும் இரண்டு பிழை திருத்திவிட்டுத்தான் அனுப்பினேன்.

இதை எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் சொல்வேன். அவர் என்னைத் தடுத்திருக்கலாம். ஆனால் அவரும் இந்த ஊர் சோற்றைத் தின்பவர்தானே.

"இன்னும் திருத்தச் சொல்லுதாரா? அப்ப ஆர்டர் போட்டுருவாருளா. வேண்டாம்னு நெனைக்கவன் ஒத்தத் தடவையிலேயே திருப்பி அனுப்பிருவான்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் மூன்றாம் முறையே சந்தேகப்பட்டிருப்பாள். எனக்கு ஏழாம் முறை நம்பிக்கை கூடியது.

அப்படி இரண்டு வருடம் போன பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். துறையில் பன்னாட்டுக் கருத்தரங்கம் வருகிறதாம். மலேசியாவிலிருந்து ஒருவர் வந்தால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். தலைப்பு, அவர் நூலின் தலைப்பேதான்.

"மாணவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டா எடுப்பா இருக்கும். உங்க ஊர்ல சல்லிசா கிடைக்குமே? ஒரு நூத்தம்பது. நெஞ்சுல பெரிசா 'கொடை'ன்னு வரணும்."

பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. "அட்மிஷன் கமிட்டி அடுத்த மாசம் கூடுது. உங்க பேரு என் மனசுல இருக்கு," என்று மட்டும் சொன்னார். என் பேரு! அது என்னவென்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

துணிக்கு முதலாளியிடம் போனேன். குடோனில் மீதத் துணி நிறையக் கிடக்கும். அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுங்கள் என்றேன். இந்தப் பெண் வேலையை விட்டுப் போவதற்கே நம்மிடம் துணி கேட்கிறாள் என்று அவர் எரிந்து விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறு கணக்குப் போட்டார்.

"ஏனுங்க கண்ணு, அந்த யுனிவர்சிட்டில மொத்தம் எத்தனை பசங்க இருப்பாங்க?"

"ஆயிரக்கணக்குல இருப்பாங்கங்க."

"வருசா வருசம் விழா நடக்குமில்லீங்க? விளையாட்டு, ஆண்டு விழான்னு?" கால்குலேட்டரை எடுத்துவிட்டார். "நல்ல துணியாவே எடுத்துக்குங்க. மட்டமாப் போனா நம்ம பேரு கெட்டுரும். பாதி வெலை புடிச்சுக்கறேன்."

அச்சுப் போட அருள்புரத்தில் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் பாயிடம் கொண்டு போனேன். என்ன ஆர்டர் என்றார். சாம்பிள் மாதிரிதானுங்க பாய், பெரிய இடம் என்றேன். "சாம்பிள்னா ஸ்கிரீனுக்கு காசு வேணாம்மா. பல்க் வரும்போது நம்மள மறந்துராதீங்க," என்றார். ஒரு பேராசிரியரின் இனிக்கும் குரலுக்கு முன்னால் ஏமாந்தது நான் மட்டும் இல்லை. சாமளாபுரத்துக்காரியும் வீரபாண்டி முதலாளியும் அருள்புரத்து பாயும் வரிசையாக நின்று ஏமாந்தோம். ஊரையே ஒரே சொல்லில் மயக்கிவிடலாம்: ஆர்டர்.

தைத்து, அச்சுப் போட்டு, இஸ்திரி போட்டு, கவரில் மடித்து எல்லாம் தயார். ஒரு சனிக்கிழமை மதியம் அவரே போன் செய்தார். அதுவரை அவராக எனக்குப் போன் செய்ததே இல்லை. இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்து, மெஷின் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து ஓடிப் போய்ப் பேசினேன்.

"கமிட்டி கூடிடுச்சும்மா. தேசிய உதவித்தொகை வாங்கினவங்களுக்குத்தான் முழுநேர இடம்னு முடிவாயிடுச்சு. தர்மபுரிப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு, கையில தொகையோட வந்திருக்கு. அதை எப்படி விட முடியும், சொல்லுங்க? நீங்க பகுதிநேரமா சேர்ந்துடுங்க. உங்களுக்குத்தான் வேலை இருக்கே." மூச்சுகூட விடவில்லை. "டி-ஷர்ட் வெள்ளிக்கிழமை காலையில வந்துடும்ல?"

வந்துவிடும் சார் என்றேன். அந்த ஒரு வரியை இப்போது நினைத்தாலும் என் வாயை ஊசியால் தைக்க வேண்டும் போல் இருக்கிறது.

அவர் சொன்ன விதி இரண்டு வருடத்துக்கு முன்பும் இருந்திருக்கும். உதவித்தொகை உள்ளவர் வந்தால் அவருக்குத்தான் இடம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வேறு கதவைத் தட்டியிருப்பேன். சொன்னால் அவர் நூலை யார் டைப் செய்வது? பகுதிநேரமாம். காலையில் கம்பெனி, மாலையில் கம்பெனி, நடுவில் கட்டணம் கட்டிப் படிப்பு. அப்பாவிடம் என்ன சொல்வது? உதவித்தொகை வரவில்லீங்கப்பா, நாமதான் அவங்களுக்கு உதவித்தொகை குடுக்கோணுமாமுங்க என்றா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் மட்டும் திறந்திருந்தது. பெட்டிகளை மேஜைமேல் கவிழ்த்தேன். எங்கள் ஊரில் டி-ஷர்ட்டும் பனியன்தான்; முதல் பனியனைக் கவரிலிருந்து எடுத்து, முதுகைத் திருப்பி, கத்தரியை வைத்து ஒரு சாண் கிழித்தேன். அப்புறம் அடுத்தது. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, கிறுக்குப் புடிச்சிட்டா? நல்ல துணிளா!"

"சாம்பிள்தானக்கா. காசு வாங்கலை."

அவர் தன் கத்தரியை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கிழிசலிலும் ஒரு லீவு நாள், ஒரு பஸ் பயணம், ஒரு 'வாங்கம்மா திருப்பூர்' போனது. பார்வைக்குக் கொடை என்ற எழுத்து மேலே தெரியும்படி மறுபடி மடித்து, கவரில் போட்டு, பெட்டி கட்டினோம். அவர் மேடையில் நின்று அழகாகப் பேசும்போது, அவர் மாணவர்கள் முதுகில் ஜன்னலோடு வரிசையாக உட்கார்ந்திருப்பதை நான் நேரில் பார்க்க வேண்டும். அதற்காகவே வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

துறை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆட்டோவிலிருந்து பெட்டிகளை இறக்க ஒரு பெண் ஓடி வந்தாள். ஒல்லியாக, வேர்த்து விறுவிறுத்து, ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் ஃபிளாஸ்க். "திருப்பூர் அக்காவா? சார் சொன்னாரு. நான் அவர்கிட்டதான் இந்த வருசம் சேர்ந்திருக்கேன்," என்றாள். இவள்தான் அவள். என் இடத்தைத் தட்டிப் பறித்தவள். நான் நினைத்து வைத்திருந்த முகத்துக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. விடியலில் இருந்து அவள்தான் நாற்காலி போட்டு, பேனர் கட்டி, விருந்தினரை ஸ்டேஷனில் போய்க் கூட்டி வந்தாளாம். உதவித்தொகையை மாதாமாதம் விடுவிக்க நெறியாளர் கையெழுத்துப் போட வேண்டும், சார் பிஸியாக இருப்பார், இன்றைக்குக் கருத்தரங்கம் முடிந்ததும் போட்டுவிடுவார் என்று அவளே சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிரித்தாள்.

முதல் பனியனை உதறியதும் நின்றாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதையும் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, டேமேஜ் வந்திருக்கு."

"டேமேஜ் இல்லீங்க. எல்லாமே அப்படித்தான். இது சாம்பிள். நாங்க காசு வாங்காத சரக்கைக் கிழிச்சுத்தான் குடுப்போம்." ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பழகி வைத்திருந்த வசனம். அவரிடம் சொல்ல வேண்டியது, இவளிடம் சொன்னதில் பாதி ருசி போய்விட்டது.

அவள் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். "காசு வாங்கலையா? நான் குடுத்தேனே அக்கா."

"யார்கிட்ட?"

"சார்கிட்ட. திருப்பூர் கம்பெனில அட்வான்ஸ் கேக்கறாங்க, முதல் உதவித்தொகை வந்ததும் கருத்தரங்கத்துக்குச் செலவு பண்றதுதான் துறை வழக்கம்னாரு. முன்ன சேர்ந்திருந்த காலேஜ்ல நின்னுபோன மூணு மாசத்துத் தொகை இப்பதான் சேர்ந்து வந்தது. அப்படியே எடுத்துக் குடுத்தேன். வீட்டுக்கு இன்னும் வரலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஒரே பனியனை அவர் இரண்டு பேரிடம் வாங்கியிருக்கிறார். துணி என்னுடையது, காசு இவளுடையது, நெஞ்சில் கொடை என்று எழுத்து அவருடையது. இவளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த எனக்கு அந்த நிமிடம் இவள் கூடப் பிறந்தவள் போல் ஆகிவிட்டாள். கிழிந்த பனியன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று அவளை இழுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். என் கையில் இப்போது ஆயுதமே கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

அறையில் மலேசிய விருந்தினர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் பட்டு வேட்டியில் இருந்தார். நான் உட்காரவில்லை. அந்தப் பனியனை விரித்து மேஜைமேல் முதுகு தெரியப் போட்டேன்.

"சார், இதுக்கு நான் காசு வாங்கலை. அதனாலதான் கிழிச்சுக் கொண்டு வந்தேன். ஆனா இவங்க உங்ககிட்ட காசு குடுத்திருக்காங்களாம். அந்தக் காசை இவங்களுக்குத் திருப்பிக் குடுத்துருங்க சார். நீங்க குடுத்தீங்கன்னா, நான் நாளைக்கே முழுசா நூத்தம்பது தைச்சு அனுப்பறேன், இனாமா."

அவர் கிழிசலைப் பார்த்தார். விருந்தினரைப் பார்த்துச் சிரித்தார். கோபமே படவில்லை, அவ்வளவு அழகாக ஒருவரால் கோபப்படாமல் இருக்க முடியும் என்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பி, மேடைக் குரலைத் தாழ்த்தி, பெற்ற அப்பனைப் போல் கேட்டார்.

"நான் உன்கிட்ட பணம் வாங்கினேனாம்மா?"

பெட்டியைப் பிரிக்கும்போது முழங்கையில் மாட்டியிருந்த மாலை இன்னும் அவள் கையிலேயே இருந்தது. ஒரு பூவைக் கிள்ளினாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

"இல்லங்க சார்."

"பார்த்தீங்களாம்மா திருப்பூர்," என்றார் அவர், வருத்தத்தோடு. "ஏமாற்றத்துல பேசறீங்க. எனக்குப் புரியுது. போங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

விருந்தினர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஆவலாகப் பார்த்தார். "நீங்க திருப்பூரா?" என்றார். அடுத்த வாக்கியம் வருவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

வாழைமரத்தடியில் நின்றேன். அவளை அறைய வேண்டும் போல் இருந்தது. இடம் போகும், கையெழுத்துக் கிடைக்காது, வீட்டில் காத்திருக்கிறார்கள், எல்லாம் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அதே இரண்டு சொல்லைத்தான் சொல்லியிருப்பேன் என்பது அடுத்துத் தெரிந்தது. அதற்கு வந்த கோபம் அதைவிடப் பெரிது. இரண்டு வருடமாகத் திருத்தித் திருத்தி நான் கேட்டுக்கொண்டிருந்த இடம் இதுதான். அவர் பின்னால், மாலையோடும் ஃபிளாஸ்கோடும் நிற்கிற இடம்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வருகிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அக்கா, ஊக்கு இருக்கா? பசங்க எல்லாம் வந்துட்டாங்க. சார் இதையே போட்டுக்கச் சொல்லிட்டாரு. முதுகுல குத்திவிடணும்."

சாம்பிளில் சீட்டுக் குத்துவதற்காக என் பையில் எப்போதும் ஊக்குப் பாக்கெட் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"நூத்தம்பதுக்கு இது பத்தாதேக்கா," என்றாள்.